ஹோம் தியேட்டர் கணினியா, ஸ்ட்ரீமிங் பெட்டியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவ்விரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு என்ன?

தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்து, படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவைத்த முழுமையான கணினியைத்தான் ஹோம் தியேட்டர் கணினி என்கிறோம். அதில் விண்டோஸ் ஓடலாம், லினக்ஸும் ஓடலாம். எந்த மென்பொருளை நிறுவுவது, எந்த வன்தட்டை இணைப்பது, எதை எப்போது புதுப்பிப்பது என்பதெல்லாம் உரிமையாளரின் விருப்பம். ஆப்பிள் டிவி 4கே, ரோக்கு, ஃபயர் டிவி, கூகுள் டிவி ஸ்ட்ரீமர், என்விடியா ஷீல்டு முதலியவை ஸ்ட்ரீமிங் பெட்டிகள். இவற்றில் சில உள்ளங்கையில் அடங்கும். சில எச்டிஎம்ஐ துளையிலேயே தொங்கும் குச்சி வடிவில் வரும். இவற்றின் இயங்குதளத்தையும், அதில் எந்தச் செயலி இயங்கலாம் என்பதையும் தயாரித்த நிறுவனமே தீர்மானிக்கிறது.

வேகத்தையும் நினைவகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணினியே வெல்லும். ஆனால் இந்தத் தேர்வு வேகத்தைப் பொறுத்ததே அன்று. நீங்கள் பார்க்கும் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற ஒரே கேள்விதான் பெரும்பாலும் விடையை முடிவு செய்கிறது: சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி சேவைகளிலிருந்து வருகின்றனவா, அல்லது நீங்களே சேர்த்துவைத்திருக்கும் கோப்புகள், வட்டுகள், ஆன்டெனா அலைவரிசைகள் ஆகியவற்றிலிருந்து வருகின்றனவா? கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியின் கிளைகளே.

என் கணினி பெட்டியைவிடப் பல மடங்கு வலிமையானது. இருந்தும் ஓடிடி படங்கள் அதில் ஏன் மங்கலாகத் தெரிகின்றன?

இதற்குக் காரணம் கணினியின் ஆற்றல் அன்று, அதற்குக் கொடுக்கப்பட்டுள்ள அனுமதி. ஓடிடி நிறுவனங்கள் படங்களைப் பூட்டி அனுப்புகின்றன. பூட்டைத் திறக்கும் வேலை சாதனத்தின் எந்தப் பகுதியில் நடக்கிறது என்பதைப் பொறுத்து எந்தத் தரத்தில் படம் தருவது என்று முடிவு செய்கின்றன. கூகுளின் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1, எல்2, எல்3 என மூன்று நிலைகள் உண்டு. எல்1 நிலையில், பூட்டைத் திறப்பதும் சுருக்கி அனுப்பிய படத்தை விரிப்பதும் சிப்பின் உள்ளே தனியே பாதுகாக்கப்பட்ட ஒரு பகுதியில் நடப்பதால், மற்ற மென்பொருள்கள் அதை எட்டிப் பார்க்க இயலாது. எல்3 நிலையில் எல்லாமே சாதாரண மென்பொருளில் நடக்கிறது. சான்றிதழ் பெற்ற ஸ்ட்ரீமிங் பெட்டிகள் எல்1 நிலையில் இருப்பவை, அல்லது அதற்கு இணையான வேறொரு வன்பொருள் பாதுகாப்பைக் கொண்டவை. கணினியின் உலாவிகள் பெரும்பாலும் எல்3 நிலையில்தான் இயங்குகின்றன. ஆகவே, மலிவான குச்சிக்கு 4கே படம் கிடைக்க, அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள கணினிக்கு 1080 அல்லது 720 வரிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விண்டோஸில் விதிவிலக்கு உண்டு. ஆனால் நிபந்தனைகள் நீளமானவை. எடுத்துக்காட்டாக, நெட்ஃபிளிக்ஸை 4கே தரத்தில் பார்க்க எட்ஜ் உலாவி வேண்டும், இன்டெல் சிப்பாக இருந்தால் ஏழாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை, எச்.265 என்ற காணொளிச் சுருக்க முறைக்கான நீட்டிப்பை நிறுவியிருக்க வேண்டும். திரை எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்பதாக இருக்க வேண்டும். இணைக்கப்பட்ட ஒவ்வொரு திரையும் இந்த நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும் என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். மேசைமேல் ஒரு பழைய மானிட்டரும் அதே கணினியில் இணைந்திருந்தால், எதிரே இருக்கும் புதிய தொலைக்காட்சியிலும் தரம் இறங்கிவிடும். மேக் கணினிகளில் சஃபாரி உலாவியை நாட வேண்டும். இந்த நிபந்தனைகள் சேவைக்குச் சேவை மாறுபடுவதோடு, முன்னறிவிப்பின்றியும் மாறக்கூடியவை.

லினக்ஸ் நிறுவினால் இந்தச் சிக்கல் தீருமா?

தீராது, கூடும். லினக்ஸ் உலாவிகளில் வைட்வைனின் எல்3 நிலைக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. உங்கள் பொழுதில் பெரும்பகுதி ஓடிடி சேவைகளுக்கே போகிறது என்றால், லினக்ஸ் ஓடும் ஹோம் தியேட்டர் கணினி உங்களுக்கு ஏற்றதன்று. சொந்தக் கோப்புகளை மட்டும் பார்ப்பவர்களுக்கோ அதைவிடச் சீரான தளம் வேறில்லை என்பது என் கருத்து.

நான் சேர்த்துவைத்திருக்கும் கோப்புகளைப் பார்ப்பதற்கு எது சிறந்தது?

கணினியின் உண்மையான பலம் இங்கேதான் வெளிப்படுகிறது. கோடி, எம்பிவி, விஎல்சி போன்ற மென்பொருள்கள் ஏறத்தாழ எந்தக் கோப்பையும் தயக்கமின்றித் திறக்கும். காணொளிகள் இன்று முக்கியமாக நான்கு முறைகளில் சுருக்கப்படுகின்றன: 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265, அதே காலத்தைச் சேர்ந்த விபி9, 2018இல் வெளியான ஏவி1. முதல் மூன்றையும் இன்றைய 4கே பெட்டிகள் அதற்கென்றே அமைந்த வன்பொருளிலேயே விரிக்கின்றன. ஏவி1 விஷயத்தில்தான் சீரின்மை தெரிகிறது. 2019ஆம் ஆண்டின் என்விடியா ஷீல்டிலும் 2022ஆம் ஆண்டின் ஆப்பிள் டிவி 4கேயிலும் அதற்கான வன்பொருள் இல்லை. 2021இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே மேக்ஸில் உண்டு. விலையை வைத்து இதை ஊகிக்க இயலாது என்பதற்கு இதுவே சான்று. கணினிகளில் இன்டெல்லின் பதினோராம் தலைமுறை மடிக்கணினிச் சிப்புகள் முதல் இந்த வசதி இருக்கிறது. 2023இல் வந்த இன்டெல் என்100 என்ற எளிய சிப்பிலும் இருக்கிறது. வன்பொருள் கைகொடுக்காத இடத்தில் கணினி தன் சிப்பின் முழு ஆற்றலைக்கொண்டு மென்பொருளால் விரித்துக்கொள்ளும். பெட்டிக்கு அந்த இரண்டாம் வழி பெரும்பாலும் கிடையாது. படம் திக்கித் திக்கி ஓடும், அல்லது ஓடவே ஓடாது.

சப்டைட்டிலும் கவனிக்க வேண்டிய ஒன்று. தனிக் கோப்பாக வரும் தமிழ் சப்டைட்டில்களைச் சில தொலைக்காட்சிகளும் பெட்டிகளும் கட்டம் கட்டமாகக் காட்டும். அல்லது எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பைப் பின்னால் தள்ளிவிடும். கணினியில் எம்பிவி போன்றவை எழுத்துகளை முறையாகக் கோத்துக் காட்டும் நிரலகத்தைப் பயன்படுத்துவதால், சப்டைட்டில் கோப்பு யுடிஎஃப்-8 என்ற ஒருங்குறி (யூனிகோடு) குறியாக்கத்தில் இருந்தால் போதும், எழுத்துகள் ஒழுங்காக வரும். எழுத்துருவையும் அளவையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

கோப்பு வேறு அறையில் இருக்கும் வன்தட்டிலிருந்து வரும்போது படம் ஏன் நின்று நின்று ஓடுகிறது?

பெரும்பாலும் குற்றவாளி வலையமைப்புத் துளைதான். ஓடிடி சேவையின் 4கே படத்துக்கு வினாடிக்குச் சுமார் 15 மெகாபிட் போதும். மணிக்கு ஏறத்தாழ 7 ஜிகாபைட் செலவாகும். 4கே புளூ-ரே வட்டிலிருந்து குறையாமல் எடுத்த கோப்போ வினாடிக்கு 128 மெகாபிட் வரை ஏறக்கூடும். ஒரே படம் 50 முதல் 80 ஜிகாபைட் வரை இடம்பிடிக்கும். பல பெட்டிகளிலும், ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சிகளிலும் உள்ள ஈதர்நெட் துளை 100 மெகாபிட் வேகம் கொண்டது. சண்டைக் காட்சிகளில் தேவை அதைத் தாண்டும்போது படம் நிற்கிறது. இத்தகைய சாதனத்தில் நல்ல வைஃபை, கம்பியைவிட வேகமாக இருப்பது வியப்பளிக்கும் உண்மை. ஜிகாபிட் (1000 மெகாபிட்) துளை உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலையே எழாது. கணினிகளிலும் மினி கணினிகளிலும் அது பொதுவாகவே இருக்கும்.

4கே புளூ-ரே வட்டுகளைக் கணினியிலேயே பார்க்கலாம் அல்லவா?

டிரைவை வாங்கிப் பொருத்தினால் போதும் என்று எண்ணிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். வட்டை உரிமம் பெற்ற முறையில் கணினியில் ஓட்ட, இன்டெல் சிப்புகளில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி கட்டாயமாக்கப்பட்டது. அந்த வசதியைப் பதினோராம், பன்னிரண்டாம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகளிலிருந்து இன்டெல்லே நீக்கிவிட்டது. ஏஎம்டி சிப்புகளில் அது ஒருபோதும் இருந்ததில்லை. இதனால், ஒரு பழைய கணினி ஓட்டும் வட்டைப் புதிய கணினி ஓட்ட மறுக்கும் வினோத நிலை உருவாயிற்று. ஸ்ட்ரீமிங் பெட்டிகளில் வட்டு செருகும் பேச்சே இல்லை. வட்டுகளை வாங்கும் வழக்கம் உள்ளவர்களுக்குத் தனி புளூ-ரே பிளேயரே நேர்வழி. வட்டைக் கோப்பாக மாற்றிவைப்பது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அதைச் செய்யும் முன் உங்கள் இடத்து விதியை அறிந்துகொள்ளுங்கள்.

கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் படம் இலேசாகத் துள்ளுவதுபோல் இருக்கிறதே, ஏன்?

திரைப்படங்கள் வினாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் எடுக்கப்படுகின்றன. தொலைக்காட்சிக்குச் செல்லும் சமிக்ஞை வினாடிக்கு 60 முறை என்று நிலைத்திருந்தால், 24ஐ 60க்குள் சமமாகப் பங்கிட வழியில்லை. ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாகக் காட்டப்படும். அந்த ஏற்றத்தாழ்வுதான் துள்ளலாகத் தெரிகிறது. சிலர் கண்ணில் இது படுவதே இல்லை. ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டவர்களுக்கோ அதன்பின் மறைவதே இல்லை.

படத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தையும் மாற்றுவதே தீர்வு. ஆப்பிள் டிவியில் இதற்கான அமைப்பு 2017 முதல் உண்டு. ஆனால் வாங்கிய நிலையில் அது அணைந்திருக்கும், நாமே தேடிப்போய் இயக்க வேண்டும். கோடி மென்பொருளிலும் இதே வசதி இருக்கிறது. கணினியில் கோடி வழியாகக் கோப்பைப் பார்த்தால் குறையேதும் இராது. ஆனால் அதே கணினியில் உலாவி வழியாக ஓடிடி படம் பார்க்கும்போது, உலாவி திரையின் வேகத்தைத் தானாக மாற்றுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் விண்டோஸ் அமைப்புகளுக்குள் நுழைந்து கையால் மாற்றும் பொறுமை உள்ளவர்கள் மிகச் சிலரே. பெட்டிகளிலும் எல்லாச் செயலிகளும் இதை மதிப்பதில்லை என்பதால், வாங்கும் முன் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் செயலியின் பெயரோடு சேர்த்து விசாரிப்பது நல்லது.

எச்டிஆர், டால்பி விஷன் ஆகியவற்றைக் காட்டுவதில் எது முந்துகிறது, கணினியா, பெட்டியா?

பெட்டிதான். ஒளியையும் நிறத்தையும் வழக்கத்தைவிட விரிந்த வரம்பில் காட்டுவதே எச்டிஆர்; டால்பி விஷன் அதன் ஒரு வகை. எச்டிஆர்10 என்ற அடிப்படை முறையைக் கணினியும் காட்டும். ஆனால் விண்டோஸில் எச்டிஆரை இயக்கிய நிலையில் சாதாரணப் படங்களும் மேசைத்திரையும் வெளிறித் தெரிவதாக நெடுநாளாகவே குறை கூறப்பட்டுவருகிறது. டால்பி விஷன் கணினியில் இன்னும் ஒழுங்குபடவில்லை. ஆப்பிள் டிவி 4கே போன்றவற்றில் அது ஓடிடி படங்களுக்கு எந்த முயற்சியும் இன்றி வருகிறது. டால்பி விஷனிலேயே உட்பிரிவுகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: ஓடிடி சேவைகள் பயன்படுத்தும் வகை வேறு, 4கே புளூ-ரே வட்டுகளில் உள்ள வகை வேறு. பெட்டியின் அட்டையில் டால்பி விஷன் என்று அச்சிட்டிருந்தாலும், வட்டிலிருந்து எடுத்த கோப்பை அது அவ்வாறே காட்டும் என்பதற்கு உறுதியில்லை.

கணினியை இணைத்தபின் கறுப்பு சாம்பலாகவோ, நிழல்கள் முழு இருட்டாகவோ தெரிந்தால் தொலைக்காட்சியைக் குறை சொல்வதற்கு முன் வண்ண வரம்பைச் சரிபாருங்கள். கணினிகள் 0 முதல் 255 வரையிலும், காணொளிச் சாதனங்கள் 16 முதல் 235 வரையிலும் ஒளியளவைக் குறிக்கின்றன. இரு முனைகளும் ஒரே வரம்பில் பேசாவிட்டால் இந்தக் கோளாறு வரும்.

என்னிடம் தனி ஏவி ரிசீவரும் பல ஒலிபெருக்கிகளும் உள்ளன. ஒலிக்கு எதை நம்புவது?

சுற்றிலிருந்தும் மேலிருந்தும் கேட்கும் டால்பி அட்மாஸ் ஒலி, ஓடிடி சேவைகளில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் வருகிறது. நல்ல பெட்டிகள் அனைத்தும் அதைக் கையாளும். கணினியின் உலாவியிலோ பல சேவைகள் இரு தட ஒலியோடு நிறுத்திவிடுகின்றன. ஐந்தோ ஏழோ ஒலிபெருக்கிகளை அறையைச் சுற்றி நிறுத்திவிட்டு இரண்டில் மட்டும் ஒலி கேட்பது வருத்தமான காட்சி.

சொந்தக் கோப்புகளில் நிலைமை தலைகீழ். புளூ-ரேயில் உள்ள டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய குறையாத ஒலித்தடங்களைக் கணினியின் கிராஃபிக்ஸ் பகுதி அப்படியே ரிசீவருக்கு அனுப்பிவிடும். பெட்டிகளில் என்விடியா ஷீல்டு ப்ரோ இதற்குப் பெயர்பெற்றது. பெரும்பாலான மற்றவை அனுப்புவதில்லை. சாதனத்தைத் தொலைக்காட்சியில் இணைத்து அங்கிருந்து ரிசீவருக்கு ஒலியை அனுப்புகிறவர்கள், இரு பக்கமும் இஏஆர்சி துளை (தொலைக்காட்சியின் ஒலியை எச்டிஎம்ஐ கம்பி வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி முறையின் புதிய வடிவம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஏஆர்சி வழியாக ட்ரூஎச்டி செல்லாது. சாதனத்தை நேராக ரிசீவரில் இணைப்பதே தொல்லை குறைந்த முறை.

வீட்டில் எல்லோரும் எளிதாக இயக்க வேண்டும். கணினியால் அது முடியுமா?

முடியும், உழைப்பு வேண்டும். ஸ்ட்ரீமிங் பெட்டியின் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தொலைக்காட்சி விழிக்கிறது, சரியான உள்ளீட்டுக்கு மாறுகிறது, ஒலியும் அதே ரிமோட்டில் அடங்குகிறது. எச்டிஎம்ஐயில் உள்ள சிஇசி என்ற கட்டுப்பாட்டுத் தடம் இதைச் செய்கிறது. சாதாரணக் கணினிகளின் எச்டிஎம்ஐ துளைகளில் பெரும்பாலும் அந்தத் தடம் இயங்குவதில்லை. யுஎஸ்பி வழியாக இணைக்கும் தனி சிஇசி இணைப்பியோ, சாதாரண ரிமோட்டின் கதிரை உணரும் யுஎஸ்பி ஏற்பியோ வாங்கிப் பொருத்த வேண்டும். அதன்பின் கோடி போன்ற மென்பொருளுக்குள் எல்லாம் சுமுகமாக நடக்கும். ஆனால் அங்கிருந்து வெளியேறி உலாவிக்குள் நுழைந்த கணமே விசைப்பலகையும் மௌஸும் கேட்கும். பின்னிரவில் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் தன்னைப் புதுப்பிக்கக் கிளம்பும் தருணங்களும் உண்டு. கணினியைப் பராமரிப்பதில் ஆர்வமுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் இவை சிறு விஷயங்கள். அவர் ஊரில் இல்லாத நாளில் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஸ்மார்ட் தொலைக்காட்சியிலேயே செயலிகள் இருக்கின்றனவே, தனிப் பெட்டி எதற்கு?

தொலைக்காட்சி வேகமாகவும், தேவையான செயலிகளோடும் இயங்கும் வரை எதுவும் வாங்க வேண்டியதில்லை. திரை பத்தாண்டுகள் உழைக்கும். அதன் உள்ளே இருக்கும் சிப்பும் மென்பொருளும் அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். அப்போது திரையை மாற்றாமல் பெட்டியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்சாரச் செலவில் பெரிய வேறுபாடு இருக்குமா?

இருக்கும். ஸ்ட்ரீமிங் பெட்டி இயங்கும்போது சில வாட் மின்சாரமே எடுக்கும். என்100 போன்ற சிப் கொண்ட மினி கணினி சும்மா இருக்கும்போது பத்து வாட்டை ஒட்டி நிற்கும். பழைய மேசைக் கணினியோ 40 வாட்டையும் எளிதில் தாண்டும். ஆண்டு முழுவதும் அணைக்காமல் வைத்தால் 40 வாட் சுமார் 350 யூனிட் ஆகிறது. 3 வாட் சுமார் 26 யூனிட். சத்தமும் இதோடு சேர்ந்தே வரும்: பெட்டிகளில் பெரும்பாலும் விசிறி கிடையாது, கணினியின் விசிறி அமைதியான காட்சிகளில் காதில் விழும். பரணில் கிடக்கும் பழைய கணினி செலவில்லாத தீர்வாகத் தோன்றினாலும், அதன் உண்மையான விலை மின்கட்டண ரசீதில்தான் தெரியவரும்.

எது அதிக ஆண்டுகள் உழைக்கும்?

பெட்டியின் ஆயுள் அதன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2015இல் வந்த என்விடியா ஷீல்டு பத்தாண்டுகளுக்குப் பின்னும் புதுப்பிப்பு பெற்றது. அது அரிய விதிவிலக்கு. மலிவான குச்சிகள் சில ஆண்டுகளிலேயே சேமிப்பிடம் போதாமல் திணறத் தொடங்கும், பின்னர் செயலிகள் ஒவ்வொன்றாக அவற்றைக் கைவிடும்.

கணினியில் பாகங்களை மாற்றலாம், இயங்குதளத்தை மாற்றலாம். ஆனால் அங்கும் நிறுவனங்களின் முடிவுகள் பாதிக்காமல் இருப்பதில்லை. ஹோம் தியேட்டர் கணினிகளின் பொற்காலத்தைத் தாங்கிநின்ற விண்டோஸ் மீடியா சென்டரை, 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. அந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. அதே காலம் முழுவதும் தடையின்றித் தொடர்ந்தது தன்னார்வலர்களின் கோடிதான். 2002இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தொடங்கி, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014இல் இன்றைய பெயரைப் பெற்ற மென்பொருள் அது.

எல்லா அலைவரிசைகளும் இலவசம் என்று விற்கப்படும், பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டியை வாங்கலாமா?

வாங்க வேண்டாம். இவற்றில் பல, கூகுளின் சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு டிவியைக் கொண்டவை அல்ல; திறந்த மூல ஆண்ட்ராய்டை எடுத்து யாரோ ஒட்டிவைத்தவை. வைட்வைனின் எல்1 நிலையும் ஓடிடி நிறுவனங்களின் அனுமதியும் இல்லாததால், அட்டையில் 8கே என்று பொறித்திருந்தாலும் சந்தா கட்டிய படம் மங்கலாகவே வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, தீநிரல் தொழிற்சாலையிலேயே உள்ளே ஏற்றப்பட்டு வருவது. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட, தீநிரல் ஏறிய சாதனங்களைக் குற்றவாளிகள் தொலைவிலிருந்து இயக்கும் வலையில் இத்தகைய பெட்டிகள் சிக்கியிருப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொது எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதம் கூகுள் தொடுத்த வழக்கில், பாதிக்கப்பட்ட சாதனங்கள் 1 கோடிக்கும் மேல் என்று கூறப்பட்டது. அவ்வாறு சிக்கிய பெட்டி, உரிமையாளர் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய இணைய இணைப்பைப் பிறருடைய மோசடிகளுக்கு வாடகைக்கு விடும்.

விளம்பரங்கள், தனியுரிமை இவற்றில்?

கோடி ஓடும் கணினியில் முகப்புத் திரை உங்களுடையது. ரோக்கு, ஃபயர் டிவி, கூகுள் டிவி ஆகியவற்றின் முகப்பில் விளம்பரங்களும் பரிந்துரைகளும் இடம்பிடிக்கின்றன. பெட்டியை மலிவாக விற்க முடிவதற்கு அவையும் ஒரு காரணம். அமைப்புகளில் விளம்பர அடையாளத்தை அணைக்கலாம். ஆனால் விளம்பரங்களை முழுவதும் அகற்ற இயலாது.

ராஸ்பெரி பை போதுமா?

ஒற்றைப் பலகையில் அமைந்த இந்தச் சிறு கணினி சொந்தக் கோப்புகளுக்குப் போதும்; ஓடிடிக்குப் போதாது. லிப்ரெஎலெக் என்ற சிறு இயங்குதளத்தை நிறுவினால் அது நேராகக் கோடியில் போய் நிற்கும். சிஇசி இருப்பதால் தொலைக்காட்சியின் ரிமோட்டே வேலை செய்யும். 2019இல் வந்த நான்காம் பதிப்பு 4கே எச்.265 கோப்புகளை வன்பொருளில் விரிக்கிறது. 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பு எச்.264க்கான வன்பொருளைக் கைவிட்டது. இருந்தாலும் அதன் சிப் வேகமானது என்பதால் 1080 வரிப் படங்களுக்குத் தடையில்லை.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வழி உண்டா?

உண்டு, இரு வகைப் படங்களும் பார்க்கும் வீடுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதையே. கணினியைத் தொலைக்காட்சியிடமிருந்து பிரித்து, திசைவிக்கு (ரவுட்டர்) அருகிலோ வேறு அறையிலோ வைத்து, அதில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற ஊடகச் சேவையக மென்பொருளை நிறுவுங்கள். தொலைக்காட்சியில் ஒரு நல்ல ஸ்ட்ரீமிங் பெட்டியை இணைத்து, அதே சேவையகத்துக்கான செயலியை அதில் ஏற்றுங்கள். ஓடிடி படங்கள் பெட்டிக்குரிய முழுத் தரத்தில் வரும். சொந்தக் கோப்புகள் கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக அதே ரிமோட்டுக்குக் கீழ்ப்படிந்து வரும். விசிறிச் சத்தம் வேறு அறையில் நின்றுவிடும். ஆன்டெனா டியூனரையும் கணினியில் இணைத்தால் நேரலை நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து எந்த அறையிலும் பார்க்கலாம்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கோப்பு, மாற்றமின்றிப் பெட்டிக்குப் போகிறதா, அல்லது சேவையகம் அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறதா? பெட்டிக்குத் தெரியாத சுருக்க முறையோ, புளூ-ரேயிலிருந்து வந்த பட வடிவ சப்டைட்டிலோ இருந்தால், சேவையகம் ஓடும்போதே படத்தை மறுபடி சுருக்க நேரும்; தரமும் குறையும், சிப்பும் உழைக்கும். என்100 போன்ற இன்டெல் சிப்பின் கிராஃபிக்ஸ் பகுதி அந்த வேலையை வன்பொருளில் எளிதாகச் செய்கிறது. ஜெல்லிஃபினில் இந்த வன்பொருள் மாற்றம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிளெக்ஸில் அதற்குக் கட்டணச் சந்தா வேண்டும். 2025 ஏப்ரல் முதல், வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்தப் படங்களைப் பார்ப்பதற்கும் பிளெக்ஸ் கட்டணம் கேட்கிறது. இடைமுகம் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் நான் ஜெல்லிஃபினையே தேர்வேன்.

அப்படியானால் தொலைக்காட்சியின் அடியிலேயே கணினியை வைப்பது யாருக்குப் பொருந்தும்?

அதே திரையில் கணினி விளையாட்டுகளையும் ஆடுகிறவர்களுக்குப் பொருந்தும். எம்பிவி போன்ற மென்பொருளில் பட அளவு மாற்றும் முறைகளையும் எச்டிஆர் மாற்றத்தையும் நுணுக்கமாகத் திருத்தி, புரொஜெக்டரில் கடைசித் துளித் தரம் வரை தேடுகிறவர்களுக்கும் பொருந்தும். எந்தப் பெட்டியிலும் செயலி இல்லாத இணையதளங்களில் நிகழ்ச்சி பார்ப்பவர்களுக்கு உலாவி தவிர வேறு வழியில்லை. இவர்களும் ஓடிடிக்கென ஒரு சிறு குச்சியைத் தொலைக்காட்சியின் மற்றொரு எச்டிஎம்ஐ துளையில் செருகிவைத்துக்கொள்வது வழக்கம்.

வாங்கும் முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கையில் பெட்டி ஏற்கெனவே இருந்தால், உங்கள் சேகரிப்பிலேயே மிகக் கனமான கோப்பையும், தமிழ் சப்டைட்டிலோடு கூடிய ஒன்றையும் அதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் தடையின்றி ஓடினால் புதிதாக எதையும் தேட வேண்டாம். புதிதாக வாங்குவதாக இருந்தால், நீங்கள் சந்தா கட்டியுள்ள ஒவ்வொரு சேவையின் உதவிப் பக்கத்திலும் அந்தச் சாதனத்தின் பெயரும், அதில் கிடைக்கும் உச்சத் தரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பனை அட்டையில் உள்ள 4கே முத்திரை இதற்கு ஈடாகாது. ஈதர்நெட் துளையின் வேகம், ஏவி1 வன்பொருள், எச்டிஎம்ஐ பதிப்பு ஆகிய மூன்றையும் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடுங்கள். 4கே படத்தை வினாடிக்கு 60 சட்டகங்களாகக் காட்ட எச்டிஎம்ஐ 2.0 போதும், 120 சட்டகங்களில் விளையாட விரும்பினால் மட்டுமே 2.1 தேவைப்படும். மினி கணினிகளில் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தால், இரண்டும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் பழைய பதிப்பாக இருந்து, அதில் கம்பியைச் செருகிவிட்டு 4கே படம் 30 சட்டகங்களுக்கு மேல் ஏறவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு.